பலாப்பழம் சாப்பிட்டாலும் பிரெத் அனலைசர் 'பீப்' அடிக்குமா? ரீடிங்கை எது மாற்றும், எது மாற்றாது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என்று வைத்துக்கொள்வோம். நண்பர்களோடு பைக்கில் சிறுமலைக்குப் போகிறீர்கள். 18 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மேலே ஒரு டீ. நன்றாகக் கனிந்த பலாச்சுளை ஒரு பை வாங்கிக்கொள்கிறீர்கள். மலை இறங்கி, நத்தம் சாலையில் வண்டியை ஓரங்கட்டி, மிச்சமிருந்த சுளைகளையும் வாயில் போட்டுக்கொண்டு திண்டுக்கல் டவுனுக்குள் நுழைகிறீர்கள். அங்கே பேரிகார்டு.

"தம்பி, ஓரமா நிறுத்துங்க. கொஞ்சம் ஊதுங்க."

ஊதுகிறீர்கள். கருவியில் பூஜ்யம் வரவில்லை. ஏதோ ஓர் எண் வருகிறது.

"சார், நான் குடிக்கவே இல்ல சார். பலாப்பழம்தான் சாப்பிட்டேன்!"

"எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்றாங்க தம்பி."

இதில் யார் சொல்வது சரி? இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். பலாப்பழம் உண்மையிலேயே கருவியில் ஓர் எண்ணை வரவைக்கும். அதே சமயம், குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்கள் அன்றாடம் சொல்லும் சாக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அறிவியலில் இடம் இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. அதற்குத் தேவை 15 நிமிடம் மட்டும்தான்.

பந்தளம் டிப்போவில் நடந்தது

2025 ஜூலையில் கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டம் பந்தளத்தில் உள்ள கேரள அரசுப் போக்குவரத்துக் கழக டிப்போவில் இது நிஜமாகவே நடந்தது. அங்கே பணிக்குச் செல்லும் முன் ஓட்டுநர்கள் பிரெத் அனலைசரில் ஊத வேண்டும். ஒருநாள் காலை, ஓர் ஊழியர் வீட்டிலிருந்து கொண்டுவந்த தேன் வரிக்கைப் பலாச்சுளையைச் சாப்பிட்டுவிட்டு ஊதிய ஓட்டுநருக்கு, ரீடிங் 10 என்று காட்டியதாகச் செய்திகள் வெளியாகின. தான் மதுவைத் தொடவே இல்லை என்றார் அவர். அதே பழத்தைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் பூஜ்யம் வரவில்லை.

அடுத்து டிப்போவில் செய்ததுதான் முக்கியம். ஏற்கெனவே ஊதி பூஜ்யம் காட்டிய ஓர் ஊழியரைப் பலாச்சுளை சாப்பிடச் சொல்லி, மறுபடி ஊத வைத்தார்கள். இப்போது அவருக்கும் ரீடிங் வந்தது. பழிபோட்டது பலாப்பழம்தான் என்பது உறுதியானது.

நன்றாகக் கனிந்த பலாவில் சர்க்கரை அதிகம். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று நொதிக்க வைக்கும்போது கொஞ்சம் எத்தனால் உருவாகிறது. மதுவில் இருப்பதும் இதே எத்தனால்தான். சுளையை மென்றதும் அது வாயிலும் எச்சிலிலும் தங்குகிறது. உடனே ஊதினால் கருவி அதைப் பிடித்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநருக்கு எதிர்பார்க்கப்படுவது கிட்டத்தட்ட பூஜ்யம். சாலையில் நமக்கு மோட்டார் வாகனச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு, 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால். 10 என்பது அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது.

கருவிக்குள் என்ன இருக்கிறது?

குடித்த மது வயிற்றிலும் சிறுகுடலிலும் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் நுரையீரலுக்குப் போகும்போது, அங்குள்ள மெல்லிய காற்றுப் பைகளில் ஆல்கஹாலின் ஒரு சிறு பகுதி ஆவியாகி மூச்சோடு வெளியேறுகிறது. ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ற அளவில்தான் மூச்சிலும் இருக்கும்.

இதற்கு உலகம் முழுவதும் பயன்படும் கணக்கு 2100-க்கு 1. அதாவது 1 மி.லி. ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹாலும், 2,100 மி.லி. மூச்சில் இருக்கும் ஆல்கஹாலும் ஏறக்குறைய சமம். நம் ஊர் வரம்பான 30 மி.கி.யை மூச்சுக்கு மாற்றினால், ஒரு லிட்டர் மூச்சில் சுமார் 0.14 மி.கி. இந்தத் துளியூண்டு அளவைத்தான் கையடக்கக் கருவி பிடிக்கிறது.

எப்படிப் பிடிக்கிறது என்பது கருவியின் வகையைப் பொறுத்தது.

பழைய கருவிகளில் ஆரஞ்சு நிற டைகுரோமேட் கரைசல் இருந்தது. ஆல்கஹால் பட்டால் அது பச்சையாக மாறும். 1954-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் ராபர்ட் போர்கன்ஸ்டைன் உருவாக்கிய 'பிரெத்தலைசர்' இந்த வகை.

இப்போது காவல் துறைகள் பரவலாகப் பயன்படுத்துவது ஃப்யூவல் செல் வகை. உள்ளே பிளாட்டினம் பூசிய தகடுகள் இருக்கும். மூச்சில் உள்ள எத்தனால் அதில் பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது சிறிய மின்னோட்டம் உண்டாகும். ஆல்கஹால் கூடக்கூட மின்னோட்டமும் கூடும். அதை அளந்துதான் திரையில் எண் வருகிறது.

மூன்றாவது வகை, ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் செமிகண்டக்டர் சென்சார் கருவிகள். எத்தனாலை மட்டும் பிரித்துப் பார்க்கும் திறன் இவற்றுக்குக் குறைவு. வேறு சில ஆவிகளுக்கும் ரீடிங் காட்டும். பார்ட்டிக்கு முன் இதை வாங்கி வைத்துக்கொண்டு "எனக்கு 20தான் காட்டுது, ஓட்டலாம்" என்று கிளம்புவது ஆபத்து.

இங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கருவி தேடுவது வாடையை அல்ல, எத்தனாலை. அது நுரையீரலில் இருந்து வந்ததா, வாயில் ஒட்டியிருந்ததா என்பது அதற்கு எளிதில் தெரியாது. குழப்பமெல்லாம் தொடங்குவது இங்கேதான்.

ரீடிங்கை உண்மையிலேயே மாற்றக்கூடியவை

மவுத்வாஷ்: சில மவுத்வாஷ்களில் 20 சதவீதத்துக்கும் மேல் ஆல்கஹால் இருக்கிறது. கொப்பளித்த உடனே ஊதினால், முழுபோதையில் இருப்பவருக்கு வருவதைவிடவும் பெரிய எண் வரலாம். 10 முதல் 15 நிமிடத்தில் அது காணாமல் போய்விடும். 2023-இல் திருத்தப்பட்ட சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள், விமானிகளும் விமானப் பணியாளர்களும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், டூத் ஜெல் போன்றவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. 'வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்' என்பதுதான் நமக்கும் பாடம். ஆல்கஹால் இல்லாத வகைகளும் கடையில் உண்டு.

இருமல் டானிக், ஹோமியோபதி சொட்டு மருந்து: சில டானிக்குகளிலும் பெரும்பாலான ஹோமியோ திரவ மருந்துகளிலும் ஆல்கஹால்தான் கரைப்பான். ஹோமியோவில் குடிக்கும் அளவு சில சொட்டுகள்தான் என்பதால் ரத்தத்தில் ஏறுவது மிகச் சொற்பம். ஆனால் நாக்கில் விட்ட கையோடு ஊதினால் ரீடிங் வரும்.

அரிஷ்டம், ஆசவம்: தசமூலாரிஷ்டம், அசோகாரிஷ்டம் போன்றவை நொதிக்க வைத்துச் செய்பவை. அவற்றில் இயற்கையாகவே ஆல்கஹால் உண்டு. 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால்கூட, 30 மி.லி. குடித்த 70 கிலோ ஆணின் ரத்தத்தில் ஏறுவது 100 மி.லி.க்கு சுமார் 5 மி.கி. சாலை விதிக்கு அது பிரச்சினை இல்லை. ஆனால் பூஜ்யம் எதிர்பார்க்கும் வேலையில் இருப்பவர், மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஆஸ்துமா இன்ஹேலர்: சில இன்ஹேலர்களில் மருந்தைக் கரைக்க எத்தனால் சேர்க்கப்படுகிறது. இழுத்த சில நிமிடங்களுக்கு மட்டும் ரீடிங் தரலாம். இதற்காக இன்ஹேலரைத் தவிர்க்க வேண்டியதில்லை. மூச்சு வாங்குகிறது என்றால் முதலில் இன்ஹேலர், ஊதுவது பிறகு.

சானிடைசர், பெர்ஃப்யூம்: கையில் சானிடைசர் காயும் முன்பே கருவியைப் பிடித்தால், அந்த ஆவி உள்ளே போகலாம். ஊதுபவர் கை மட்டுமல்ல, கருவியைப் பிடித்திருப்பவர் கையும் காய்ந்திருக்க வேண்டும்.

மிகக் கனிந்த, நொதித்த பழம்: பலா மட்டுமல்ல, நொதிக்கத் தொடங்கிய எந்தப் பழமும் இந்தக் கணக்கில் வரும். பல நாள் திறந்தே இருந்து புளித்துப்போன பழச்சாறும் அப்படித்தான். புதிதாகப் பிழிந்த ஜூஸ், நறுக்கிய பழம் என்றால் கவலை வேண்டாம்.

காரில் இருக்கும் குடித்த நண்பர்கள்: இது பலரும் யோசிக்காத ஒன்று. நான்கு பேர் குடித்திருக்க, குடிக்காத நீங்கள் காரை ஓட்டுகிறீர்கள். சில கருவிகளில் மவுத்பீஸ் இல்லாமல், தூரத்தில் பிடித்தே சோதிக்கும் வசதி உண்டு. கண்ணாடியை ஏற்றிவிட்ட காருக்குள் அப்படிச் சோதித்தால், மற்றவர்களின் மூச்சும் அதில் சேரலாம். இறங்கி வெளியே வந்து, புது மவுத்பீஸ் போட்டு ஊதினால் விஷயம் தெளிவாகிவிடும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே பொதுவான குணம்: ஆல்கஹால் வாயில் இருக்கிறது, ரத்தத்தில் இல்லை. எச்சில் ஊற ஊற, மூச்சு போய்வர, அது 15 நிமிடத்தில் கரைந்துவிடும். அதனால்தான் பல நாடுகளில் ஊத வைப்பதற்கு முன், அந்த நபர் எதையும் சாப்பிடாமல், குடிக்காமல், வாந்தி எடுக்காமல் இருக்கிறாரா என்று சுமார் 15 நிமிடம் கவனிக்கும் நடைமுறை இருக்கிறது. பலாப்பழம் சாப்பிட்டவருக்குக் கால் மணி நேரம் கழித்து பூஜ்யம் வரும். குடித்தவருக்கு ஏறக்குறைய அதே எண் வரும்.

கீட்டோ, பேலியோ டயட்டில் இருக்கிறேன். எனக்கு?

மாவுச்சத்தைக் குறைத்துவிட்டால் உடல் கொழுப்பை எரிக்கும். மூச்சில் அசிட்டோன் கலக்கும். கட்டுப்பாட்டை மீறிய சர்க்கரை நோயிலும் நீண்ட விரதத்திலும் இதே கதைதான். மலிவான செமிகண்டக்டர் கருவி இந்த அசிட்டோனால் ஏமாறலாம். ஃப்யூவல் செல் கருவி அசிட்டோனைக் கண்டுகொள்வதில்லை.

ஆனால் அபூர்வமாக, உடல் அந்த அசிட்டோனை ஐசோபுரொபனாலாக மாற்றலாம். அதுவும் ஒருவகை ஆல்கஹால்தான் என்பதால் ஃப்யூவல் செல் அதற்கு ரீடிங் தரலாம். ஸ்வீடனில் மிகக் குறைந்த கலோரி டயட்டில் இருந்த, மதுவே குடிக்காத ஒருவரின் வாகனத்தில் பொருத்தியிருந்த கருவி வண்டியை ஸ்டார்ட் செய்ய விடாமல் தடுத்தது. 2007-இல் மருத்துவ இதழில் இது பதிவானது.

வயிற்றுக்குள்ளேயே ஈஸ்ட் பெருகி, சாப்பிட்ட சோற்றை ஆல்கஹாலாக மாற்றும் 'ஆட்டோ புரூவரி' என்ற நோயும் உண்டு. பெல்ஜியத்தில் குடிபோதையில் வாகனம் ஓட்டியதாக வழக்கில் சிக்கிய ஒருவர், இந்த நோய் இருப்பதை மருத்துவப் பரிசோதனைகளால் நிரூபித்து 2024 ஏப்ரலில் விடுதலையானார். மிக மிக அரிது. "எனக்கும் அதான் சார்" என்று சொல்வதற்கு முன் மருத்துவர் சான்று வேண்டும்.

ரீடிங்கை மாற்றாதவை: ஊர் முழுக்க உலவும் டிப்ஸ்

இனி மறுபக்கம். குடித்துவிட்டுக் கிளம்புபவருக்கு நண்பர்கள் தரும் யோசனைகள் ஏராளம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*"வெற்றிலை பாக்கு போட்டுக்கோ மாப்ள."* வெற்றிலை, ஏலக்காய், கிராம்பு, சூயிங்கம், மின்ட் எல்லாம் வாடையை மறைக்கும். எதிரில் நிற்கும் காவலரின் மூக்கு ஏமாறலாம். கருவிக்கு மூக்கு இல்லை.

*"பச்சை வெங்காயம், பூண்டு கடிச்சுக்கோ."* இதுவும் வாடை விஷயம்தான். எத்தனாலின் அளவு குறையாது.

*"மேல ஒரு பிரியாணி அடி, எல்லாம் இறங்கிடும்."* திண்டுக்கல்லில் இது அதிகம் கேட்கும் வசனம். குடிப்பதற்கு முன்போ, குடிக்கும்போதோ சாப்பிட்டால் ஆல்கஹால் ரத்தத்தில் ஏறும் வேகமும் உச்ச அளவும் குறையும். அது உண்மை. ஏற்கெனவே ஏறியதை ஒரு பிளேட் சீரகச் சம்பா பிரியாணியால் இறக்க முடியாது.

*"ஸ்ட்ராங்கா ஒரு பிளாக் காபி, தலைக்குக் குளியல்."* தூக்கம் கலையும். ஆல்கஹால் குறையாது. போதையில் இருப்பவருக்குத் 'தெளிவாகிவிட்டோம்' என்ற தைரியத்தை வேறு தரும்.

*"எலுமிச்சை ஜூஸ், மோர், இளநீர்."* தாகம் தணியும். கல்லீரலின் வேகம் கூடாது.

*"நாக்குக்கு அடியில காப்பர் காசு வெச்சுக்கோ."* உலகம் முழுக்க உலவும் கட்டுக்கதை. 'மித்பஸ்டர்ஸ்' டிவி நிகழ்ச்சியில் காசு, வெங்காயம், மின்ட் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்றுகூட வேலைக்கு ஆகவில்லை.

*"மெதுவா ஊது, பாதியில நிறுத்திடு."* போதிய காற்று, போதிய நேரம் வராவிட்டால் கருவி ரீடிங்கே தராது. மறுபடி ஊதச் சொல்வார்கள். வேகவேகமாக மூச்சு விட்டுவிட்டு ஊதினால் எண் சற்றுக் குறையலாம். மூச்சை அடக்கி வைத்து ஊதினால் அதே போலச் சற்றுக் கூடும். 100-இல் இருப்பவரை 30-க்குக் கீழே கொண்டுவர இதெல்லாம் போதாது.

*"எனக்குக் காய்ச்சல் சார், அதான் கூடக் காட்டுது."* இதில் துளி உண்மை உண்டு. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால், மூச்சில் ஆல்கஹால் சுமார் 6 முதல் 7 சதவீதம் கூடுதலாகத் தெரியும். ஆனால் ரத்தத்தில் ஆல்கஹாலே இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தால் ரீடிங் வராது. பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

*"அசிடிட்டி இருக்கு, ஏப்பம் வந்துச்சு."* வயிற்றில் இருக்கும் மது ஏப்பத்தோடு வாய்க்கு வந்தால் எண் சற்று நேரம் கூடும். ஆனால் வயிற்றில் மது இருந்தால்தானே?

பழைய சோறு, தயிர், இட்லி, தோசை பற்றியும் கேட்கிறார்கள். இவையும் நொதித்த உணவுகள்தான். ஆனால் இவற்றில் நடப்பது பெரும்பாலும் லாக்டிக் அமில நொதித்தல். காலையில் பழைய சோறு சாப்பிட்டுவிட்டு வண்டி எடுப்பவர் கவலைப்பட எதுவும் இல்லை.

"நேத்து ராத்திரிதானே குடிச்சேன்!"

படித்த, வேலைக்குப் போகிற, 'நான் குடித்துவிட்டு ஓட்டமாட்டேன்' என்று நம்புகிற பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கல்லீரல் ஆல்கஹாலைக் கரைக்கும் வேகம் கிட்டத்தட்ட ஒரே சீரானது. சராசரியாக மணிக்கு 100 மி.லி. ரத்தத்தில் 15 மி.கி. குறையும். சிலருக்கு 10, சிலருக்கு 20. அவ்வளவுதான். தூங்கினாலும் விழித்திருந்தாலும் அதே வேகம்.

70 கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்குத் தோராயக் கணக்கு போடுவோம். நம் ஊர் பிராந்தி, விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம்.

- 60 மி.லி. லார்ஜ் ஒன்று: ரத்தத்தில் சுமார் 43 மி.கி. வரை. 'ஒரே ஒரு லார்ஜ்'கூட 30-ஐத் தாண்டலாம்.
- 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டில், 8 சதவீதம் என்றால்: சுமார் 86 மி.கி. அது 30-க்கு இறங்க ஏறக்குறைய 4 மணி நேரம்.
- ஒரு குவாட்டர், 180 மி.லி.: சுமார் 128 மி.கி. 30-க்கு இறங்க ஆறரை மணி நேரம். பூஜ்யமாக எட்டரை மணி நேரம்.
- இரண்டு குவாட்டர்: சுமார் 255 மி.கி. இரவு 11 மணிக்குக் குடித்தவருக்கு மறுநாள் காலை 8 மணிக்கும் சுமார் 120 மி.கி. இருக்கும். வரம்பைப் போல நான்கு மடங்கு.

எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் அதே அளவு மது இன்னும் அதிகமாக ஏறும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அதே பீர் பாட்டில் சுமார் 150 மி.கி. வரை கொண்டுபோகலாம்.

இந்தக் கணக்கை வைத்து 'எத்தனை மணிக்கு ஓட்டலாம்' என்று நேரம் குறிக்காதீர்கள். இவை சராசரிகள். உங்கள் கல்லீரல் சராசரிக்குக் கீழே இருக்கலாம். குளித்து, பல் தேய்த்து, விபூதி பூசிக்கொண்டு, மதுரை ஆபீஸுக்கு நான்குவழிச் சாலையில் கிளம்பும்போது மனசுக்கு 'தெளிவாக' இருக்கலாம். கை, கண், பிரேக் மூன்றுக்கும் இடையிலான நேரம் அப்படி இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 185-வது பிரிவின்படி 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன் முதல் அபராதம் 2,000 ரூபாயாக இருந்தது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபர் முதல் அமலில் இருக்கின்றன.

இது ஸ்பாட் ஃபைன் கட்டி முடிகிற விவகாரம் அல்ல. நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. பின்னால் உட்கார்ந்து வருபவரும் தப்ப முடியாது. குற்றத்துக்கு உடந்தையாக இருப்பதற்கான 188-வது பிரிவில், உடன் பயணிப்பவர்கள் மீதும் வழக்குப் போடப்படும் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை 2022-இல் அறிவித்தது.

"ஊத மாட்டேன்" என்றால்? தகுந்த காரணமின்றி மறுப்பவரை வாரன்ட் இல்லாமலேயே கைது செய்ய 203-வது பிரிவு இடம் தருகிறது. மறுத்ததையே உங்களுக்கு எதிரான சூழ்நிலையாக எடுத்துக்கொள்ள 205-வது பிரிவு வழி விடுகிறது.

இன்ஷூரன்ஸ் இன்னொரு அடி. 2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் மோதி எரிந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் தீர்ப்பு சொன்னது. ஓட்டியவருக்கு மூச்சுப் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ செய்யப்படவில்லை. அப்படி இருந்தும், சூழ்நிலைகளை வைத்தே போதையில் ஓட்டினார் என்று காட்டி, காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம் என்றது நீதிமன்றம். ஊதாமல் தப்பித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு இது.

குடிக்கவில்லை, ஆனால் ரீடிங் காட்டுகிறது. என்ன செய்வது?

சாலையில் சண்டை போடுவது உதவாது. அமைதியாக, மரியாதையாக, இந்த வரிசையில் கேளுங்கள்.

1. காரணத்தை உடனே சொல்லுங்கள். "சார், இப்பத்தான் பலாப்பழம் சாப்பிட்டேன்", "இருமல் மருந்து குடிச்சேன்" என்று முதலிலேயே சொல்லி, மருந்து பாட்டிலையோ சீட்டையோ காட்டுங்கள். ஊதிய பிறகு சொல்வதைவிட, ஊதுவதற்கு முன் சொல்வது எடுபடும்.

2. வாய் கொப்பளித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி ஊத வையுங்கள் என்று கேளுங்கள். 203-வது பிரிவே 'ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட' மூச்சு மாதிரிகளைப் பற்றித்தான் பேசுகிறது. இந்த இடைவெளியில் எதையும் சாப்பிடாதீர்கள், புகைக்காதீர்கள். இரண்டாவது ரீடிங் பூஜ்யத்தை நோக்கி விழுந்தால் அது வாயில் இருந்த ஆல்கஹால்.

3. புது மவுத்பீஸ், பூஜ்ய ரீடிங். நீங்கள் ஊதுவதற்கு முன் கருவி வெறும் காற்றில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். கருவிக்கு முந்தைய ஆளின் மிச்சம் தெரியக் கூடாது. வெறும் காற்றிலேயே பூஜ்யம் காட்டாத கருவியின் ரீடிங்கை ஏற்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025-இல் ஒரு வழக்கை ரத்து செய்திருக்கிறது.

4. பிரின்ட் அவுட்டைக் கவனியுங்கள். தேதி, நேரம், கருவி எண், ரீடிங் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, முடிந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கைதானால், இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரின் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்கிறது 202-வது பிரிவு. ரத்த மாதிரி எடுப்பதற்கு 204-வது பிரிவு வழி செய்கிறது. நிஜமாகவே குடிக்காதவருக்கு இதைவிட வலுவான சாட்சி இல்லை. ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்காமல், ஆல்கஹால் இல்லாத கிருமிநாசினியால் துடைக்கச் சொல்லுங்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. குடிக்காதவருக்கு இந்தத் தாமதம் எல்லாமே லாபம். 15 நிமிடம் போனால் உண்மை வெளிவரும். குடித்தவருக்கு அந்தக் கால் மணி நேரத்தில் குறைவது 4 மி.கி. கூட இல்லை. கடைசி பெக்கை இப்போதுதான் குடித்திருந்தால் ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே கூட இருக்கலாம். ஆகவே, சோதிக்கும் காவலருக்கும் இந்த 15 நிமிடம் நஷ்டம் இல்லை. தவறான வழக்கு ஒன்று குறையும். சரியான வழக்கு நீதிமன்றத்தில் நிற்கும்.

ஏன் இவ்வளவு கறார்?

2022-இல் இந்தியாவிலேயே அதிகச் சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. மத்திய அரசின் கணக்குப்படி அந்த ஆண்டில் 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். இவை எல்லாவற்றுக்கும் மது காரணம் அல்ல. ஆனால் திண்டுக்கல்லைச் சுற்றி இரவில் யார் யார் சாலையில் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றி வரும் வண்டிகள், நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு விடியுமுன் கிளம்பும் டூவீலர்கள், மில் ஷிஃப்ட் முடிந்து திரும்புபவர்கள். தைப்பூசம் நெருங்கினால் பழனிக்கு நடந்துபோகும் பக்தர்கள். இவர்களில் பலருக்கும் உங்கள் வண்டிக்கும் நடுவில் இருப்பது வெள்ளைக் கோடு ஒன்று மட்டும்தான்.

பலாப்பழம் சாப்பிட்டவர் பயப்பட வேண்டியதில்லை. கால் மணி நேரம் காத்திருந்து மறுபடி ஊதினால் போதும். குடித்தவருக்குக் குறுக்கு வழி எதுவும் இல்லை. ஆட்டோ பிடிக்கலாம், குடிக்காத நண்பரிடம் சாவியைக் கொடுக்கலாம், ரூம் போட்டுத் தூங்கலாம். மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன்பும் மேலே உள்ள கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.